பச்சைப் புள்ளியும் ஒட்டடைக் கம்பும்

தெலுங்கும் உருதும் புழங்கும் மௌலா அலியில், ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரை ஒட்டிப் போகும் சந்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஷோபா குடியிருந்தாள். வயது நாற்பத்தொன்பது. அவள் கல்யாணத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக ஓய்ந்துபோன பிறகு, அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். சொந்த ஊர் கோயமுத்தூர். அங்கே தம்பி வாசு இருக்கிறான். தினமும் காலை ஆறரைக்குச் சூரியகாந்திப் பூப் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புவான். அதே பூவை அவன் நாற்பது பேருக்கு மொத்தமாக அனுப்புகிறான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் பதில் வணக்கம் போடுவாள்.

வேலை, மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதி வைக்கும் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு அடிக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். மனுஷனுக்கு என்னென்ன ஆகக்கூடுமோ அத்தனைக்கும் எண் உண்டு. வாத்து கடித்தால் ஓர் எண். ஏணியிலிருந்து விழுந்தால் ஓர் எண். தனியாக வாழ்வதால் வரும் சிக்கல்களுக்குக்கூட ஒன்று இருக்கிறது: இசட் அறுபது புள்ளி இரண்டு. முகம் தெரியாத கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் அதைப் பதினாறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தன் பெயருக்கு நேரே போட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

கொரோனாவில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய கம்பெனி, அப்புறம் திரும்பக் கூப்பிடவே இல்லை. அலுவலகத்தையே காலி செய்துவிட்டார்கள். ஆளுக்கொரு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஷோபாவுக்கு வந்தது ஐந்து சக்கரத்தில் ஒன்று தேய்ந்துபோன நாற்காலி. முன்னறையில், வாசல் கதவுக்கு நாலடி தள்ளி மேசை போட்டு, அதன்மேல் லேப்டாப்பை நான்கு தடிப் புத்தகங்களுக்கு மேலே தூக்கி வைத்தாள். மீட்டிங்கில் தெருச் சத்தம் கேட்கக் கூடாது என்று உத்தரவு. சந்தில் காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி, ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதல், எதிர்வீட்டுக் குக்கர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜன்னலிலும் கதவிலும் ஸ்பாஞ்சு ஷீட் ஒட்டினாள். வெளிச் சத்தம் உள்ளே வராமல் போயிற்று. உள்ளே இருப்பது வெளியே போகாது என்பதை அப்போது யோசிக்கவில்லை. அப்படி வெளியே போக உள்ளே என்ன சத்தம் இருந்தது?

காலை ஒன்பது மணி மீட்டிங்கில் ஒவ்வொருவரும் இன்றைய வேலைக்குத் தடங்கல் ஏதும் இல்லை என்று சொல்ல வேண்டும். "நோ பிளாக்கர்ஸ்" என்பாள் ஷோபா. பல நாள் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். சில நாள் கடைசி வார்த்தையும் அதுவே. சனி ஞாயிறு அதுவும் கிடையாது. திங்கட்கிழமை பேச வாயைத் திறந்தால் தொண்டை துருப்பிடித்த தாழ்ப்பாளாகக் கரகரக்கும். ஒருமுறை, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டு போன் செய்த பெண்ணிடம் இருபது நிமிஷம் பேசியிருக்கிறாள். கடைசியில் அந்தப் பெண்தான், "மேடம், வேற கால் வருது" என்று தப்பித்து ஓடினாள்.

இனி அந்தப் பச்சைப் புள்ளி. கம்பெனி சாட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி இருக்கும். ஆள் வேலையில் இருந்தால் பச்சை. ஏழு நிமிஷம் மவுஸ் அசையாவிட்டால் மஞ்சள். மஞ்சளான பத்தாவது நிமிஷம் டீம் லீட் ஸ்ரீகாந்திடமிருந்து 'ஆல் ஓகே, ஷோபா?' என்று வரும். பதில் போடாவிட்டால் போனே வந்துவிடும். ஒருநாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு. நாலு தடவை மஞ்சள், நாலு தடவை போன். முப்பத்தொரு வயசுப் பையனிடம் என்னவென்று விளக்குவாள்? அதே டீமில் இருந்த சபீனாவிடம் புலம்பினாள். சபீனா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அட, இதுக்கா அழுவுற? முள்ளு ஓடுற வாட்ச் ஒண்ணு எடு. அது மேல மவுஸை வெச்சுடு. முள்ளு ஓட ஓட, நீ உக்காந்துக்கினு கீறேன்னு கம்ப்யூட்டர் நம்பிக்கும்" என்றாள் சபீனா.

பத்து வருஷ சேவையைப் பாராட்டிக் கம்பெனி கொடுத்த கைக்கடிகாரம் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மவுஸுக்கு அடியில் வைத்தாள். கம்பெனி கொடுத்த கடிகாரமே கம்பெனியை ஏமாற்றுகிறது என்பதில் அவளுக்கு ஒரு குட்டிச் சந்தோஷம். அதன் பிறகு புள்ளி மஞ்சளாகவே இல்லை. ஸ்ரீகாந்தும் 'ஆல் ஓகே?' என்று கேட்பதை நிறுத்திவிட்டான். முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் மாதம், அந்தத் தொல்லையாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சபீனா போன வருஷம் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

ஆக, பகல் முழுக்க ஷோபாவுக்குப் பதில் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்றுதான். கீழ்வீட்டு ஒட்டடைக் கம்பு.

கீழ்வீட்டில் இருந்தவள் ஆரோக்கியமேரி. தாத்தா காலத்தில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் இறந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி, அதுவரை நைட் டியூட்டி. காலை எட்டரைக்கு வந்து, கஞ்சி குடித்துப் படுத்தால் நாலு மணிவரை தூங்க வேண்டும். அவள் கட்டிலுக்கு நேர் மேலேதான் ஷோபாவின் நாற்காலி. டைல்ஸ் தரையில் தேய்ந்த சக்கரம் கடகடவென்று உருளும்போதெல்லாம் கீழிருந்து 'டொக் டொக் டொக்' என்று கம்பு கூரையை இடிக்கும்.

இடித்ததும் ஷோபாவுக்குத் தூக்கிவாரிப் போடும். கையைக் காலைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் உட்காருவாள். ஆனால், சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, உள்ளே எங்கோ ஒரு மூலையில் அவளுக்கு அது பிடித்திருந்தது. நான் இங்கே இருப்பது ஒருத்திக்குத் தெரிகிறது என்று தோன்றும். ஓரிரண்டு நாள், மனசு ரொம்பக் கனத்தபோது, வேண்டுமென்றே நாற்காலியை அரை அடி தள்ளியும் இருக்கிறாள். தூக்கம் கெட்டவள் பாவம் என்று அப்புறம் தன்னையே திட்டிக்கொள்வாள்.

கம்பெனிக்கும் திடீரென்று தன் ஆட்கள்மேல் கரிசனம் பொங்கிற்று. 'உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளும் இருபத்தொரு நாள்' என்று ஒரு திட்டம். வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே சுருட்டிய ஊதா நிற யோகா மேட், வாசனை மெழுகுவத்தி, மணிக்கொருமுறை நீல விளக்கு மினுக்கி 'தண்ணீர் குடி' என்று ஞாபகப்படுத்தும் பாட்டில். கூடவே வீடியோவில் ஒரு பெண் வந்து, நெஞ்சில் கைவைத்து, தினமும் ஒரு மணி நேரம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு உங்களோடு நீங்கள் இருங்கள் என்றாள். இருபத்து நாலு மணி நேரமும் என்னோடு நான்தானே தாயே இருக்கிறேன் என்று ஷோபா நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் டீமுக்கு டீம் போட்டி, செயலியில் தினமும் பதிவு செய்தாக வேண்டும். அதனால் தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை போன் சமையலறை ஃபிரிட்ஜ் தலையில் உட்கார்ந்திருக்கும். யோகா மேட் மட்டும் பிரிக்கப்படாமலே கிடந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் காலிங் பெல் அடித்தது. ஆரோக்கியமேரி, டியூட்டிக்குப் புறப்பட்ட கோலத்தில், கையில் டிபன் பையோடு நின்றாள். இதற்கு முன்பு இரண்டு தடவை மாடிப்படியில் வைத்துத் திட்டியிருக்கிறாள். 'இது வூடா, குட்ஸ் வண்டியா' என்றெல்லாம் கேட்டவள். அன்று குரலே எழும்பவில்லை.

"சண்டைக்கு வர்லம்மா" என்றாள். "நேத்து ராத்திரி வார்டுல கண்ணு அசந்துட்டேன். சலைன் பாட்டில் காலியாயி, டியூப்ல ரத்தம் மேல ஏறிடுச்சு. சின்னப் பொண்ணு, நல்லவேளை ஒண்ணும் ஆவல. சிஸ்டர் எல்லார் எதிர்லயும் கேட்டாங்க, தூங்கறதுக்கா சம்பளம்னு. எதுக்கு இன்னொரு தபா அப்டி ஆவணும்? ரெண்டு வருசம் ஓட்டிட்டா நான் போயிடுவேன். பகல்ல மட்டும் தூங்க வுடும்மா." சொல்லிவிட்டு, பையோடு சேர்த்துக் கையைக் கூப்பினாள்.

ஷோபாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. "அய்யோ, கும்புடாதீங்க்கா. தப்பு எம்மேலதானுங்க. இன்னைக்கே ஏதாச்சும் பண்ணிடறேனுங்க. நாளையிலிருந்து சத்தமே வராதுங்க்கா."

"ஹவ், ஆமா, அது போதும்" என்று ஆரோக்கியமேரி படியிறங்கினாள். உள்ளே வாங்க, ஒரு வாய் காபி குடிங்க என்று கூப்பிட ஷோபா வாயெடுப்பதற்குள் கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அன்றே யோகா மேட்டைப் பிரித்து நாற்காலிக்கு அடியில் விரித்தாள். வந்த நாள் முதல் சுருண்டே கிடந்த மேட். எவ்வளவு நீவிவிட்டாலும் அதன் ஓரம் மட்டும் நாய்வாலாக மேலே சுருண்டது. நாற்காலியை ஏற்றித் தள்ளிப் பார்த்தாள். மெத்தென்ற மேட்டில் சக்கரம் புதைந்து, சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி வந்தது. கூடவே, இனிமேல் கம்பு இடிக்காது என்ற நினைப்பும் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு "நோ பிளாக்கர்ஸ்" என்றாள். எட்டே முக்காலுக்குக் கீழ்வீட்டுக் கதவு சாத்திய சத்தம் கேட்டிருந்தது. அதோடு சரி. நாற்காலி நகர்ந்தது, திரும்பியது, கீழே மூச்சில்லை. பதினொன்றுக்கு வழக்கம்போல மவுஸைக் கடிகாரத்தின்மேல் வைத்தாள். போனைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ்மேல் வைத்தாள். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தாள். சுருண்டிருந்த மேட் ஓரத்தில் வலது கால் விரல் மாட்டியது.

பக்கவாட்டில் விழுந்தாள். இடுப்பு டைல்ஸில் மோதியபோது 'டப்' என்று ஒரு சத்தம் வெளியே கேட்டதா, உடம்புக்குள்ளேயே கேட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எழ முயன்றாள். வலி உச்சந்தலைவரை ஏறிக் கண் இருட்டியது. வலது பாதம் அவளுக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. விரிப்பு தடுக்கி வீட்டில் விழுதல். எண் அவள் நுனிவிரலில் இருந்தது. விழுந்தபின் யார் வந்து தூக்கினார்கள் என்பதைப் பற்றி எந்த டாக்டர் குறிப்பும் எழுதியதில்லை, அதற்கு எண்ணும் இல்லை.

கத்தினாள். "யாராச்சும் வாங்க! அக்கா!" அவள் ஒட்டிய ஸ்பாஞ்சு அவள் குரலைச் சுத்தமாகக் குடித்துவிட்டது. அதே மாடியில் இருந்த இன்னொரு வீடு பூட்டி ஆறு மாதம் ஆகிறது. மேலே மொட்டை மாடி. கதவு உள்ளே தாழ்ப்பாள். போன், பத்தடிக்கு அப்பால், ஃபிரிட்ஜ் தலையில். லேப்டாப்பையாவது இழுத்துத் தள்ளலாம் என்று தொங்கிய சார்ஜர் ஒயரைப் பிடித்து இழுத்தாள். பின் மட்டும் கழன்று கையோடு வந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடியபடி புத்தகங்களின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

'டிங்' என்று மேலே ஒரு சத்தம். சாட்டில் ஏதோ செய்தி. யாரோ என்னைத் தேடுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் மனசு துள்ளிற்று. உடனே ஞாபகம் வந்தது. மவுஸ் கடிகாரத்தின்மேல் இருக்கிறது. முள் ஓடிக்கொண்டிருக்கிறது. புள்ளி பச்சையாக இருக்கிறது. உலகத்தைப் பொறுத்தவரை ஷோபா நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறாள். மஞ்சளாகியிருந்தால் பத்து நிமிஷத்தில் ஸ்ரீகாந்த் கேட்டிருப்பான், போன் அடித்திருப்பான், எடுக்காவிட்டால் கம்பெனியில் கொடுத்திருந்த வாசுவின் நம்பருக்காவது கூப்பிட்டிருப்பான். அந்த ஒரு வழியையும் தன் கையாலேயே அடைத்து வைத்திருக்கிறாள். இன்று வெள்ளி. இனி யாராவது அவளைத் தேட வேண்டுமானால் அது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான். வாசுவின் சூரியகாந்தி நடுவில் மூன்று தடவை வரும். பதில் வராததை அவன் கவனிப்பானா என்று யோசித்தாள். கவனிக்க மாட்டான் என்று தெரிந்ததும் அழுகை வந்தது. வலிக்காக அழவில்லை, அதற்காகத்தான் அழுதாள்.

பன்னிரண்டு மணிக்கு, ஜன்னலோரம் உருண்டு போயிருந்த பாட்டில் நீல விளக்கை மினுக்கித் தண்ணீர் குடிக்கச் சொன்னது. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் போய் எடுத்துக் குடிக்கத்தான் ஆள் இல்லை.

கீழே ஒருத்தி இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. குரல் போகாவிட்டாலும் சக்கரச் சத்தம் போகும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நாற்காலி. ஆனால் அது மேட்டின்மேல் நிற்கிறது. தள்ளிப் பார்த்தாள், பூனை நடப்பதுபோல அரை அடி போய் நின்றது. எட்டித் தள்ளினால் கைக்கு எட்டாமல் போய்விடும். அதைத் தன் பக்கம் இழுத்து வெறுந்தரைக்குக் கொண்டுவர வேண்டும். நாற்காலியின் அடிக்காலைப் பிடித்து இழுத்தாள். மேட்டும் சேர்ந்து வந்தது. நாற்காலி அதன்மேல் சப்பரத்துச் சாமி மாதிரி ஆடாமல் அசையாமல் வந்து, சுருண்ட ஓரத்தில் முட்டி நின்றது. ஒரு கையால் மேட்டை அமுக்கிக்கொண்டு மறுகையால் இழுத்தாள். ஒவ்வோர் இழுப்புக்கும் இடுப்பில் கத்தி சொருகியது. நாலு தடவை இழுத்தால் பத்து நிமிஷம் கண்ணை மூடிக் கிடக்க வேண்டியிருந்தது. நடுவில் மயங்கியும் போனாள். பாட்டில் இன்னொரு முறை மினுக்கியது. ஒருவழியாக, தேய்ந்த சக்கரம் ஓரத்தைத் தாண்டி 'டக்' என்று டைல்ஸில் இறங்கியது.

கையை அதன்மேல் வைத்தவள், தள்ளத் தயங்கினாள். நேற்றுப் பையோடு சேர்த்துக் கூப்பிய அந்தக் கை கண்ணில் வந்து நின்றது. எத்தனை நாளைக்கப்புறம் இன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாளோ. 'மன்னிச்சுருங்க்கா' என்று முனகிவிட்டு நாற்காலியைத் தள்ளினாள்.

கடகடகட. இழுத்தாள். கடகடகட. காத்திருந்தாள். கீழே சத்தமில்லை. மறுபடி தள்ளினாள், இழுத்தாள். தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி வலித்தது. அரை மணி நேரம் ஆயிற்று. நல்ல தூக்கம் போலிருக்கிறது. உலகத்தில் இவ்வளவு ஆழமாக யாராவது தூங்குவார்களா என்று அவள்மேல் கோபம்கூட வந்தது.

டொக்.

ஷோபா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டொக் டொக் டொக். கீழிருந்து தரை அதிர்ந்து, அவள் கன்னத்தில் வந்து மோதியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் அது உதவிக்கு வரும் சத்தம் இல்லையே, 'நிறுத்து' என்று சொல்லும் சத்தம். நிறுத்தினால் அவள் திரும்பப் படுத்துவிடுவாள். ஷோபா நாற்காலியை முன்னைவிட வேகமாக உருட்டினாள். டொக் டொக் டொக் டொக். இவள் கடகட. கம்பு ஆவேசமாக இடித்தது. ஒரு நல்ல சண்டை நடந்தது. பிறகு கீழே கம்பு விழுந்த சத்தம். கதவு திறந்த சத்தம். மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

கதவு அதிர்ந்தது. "இன்னாம்மா நெனச்சிக்கினு கீற நீ? நேத்து அவ்ளோ சொன்னேனே, மண்டையில ஏறலியா? தொற கதவை!"

நாலடி தூரத்திலிருந்து ஷோபா கடைசிப் பலத்தையெல்லாம் திரட்டினாள். "அக்கா, வுழுந்துட்டேனுங்க்கா. எந்திரிக்க முடியலீங்க."

திட்டு பாதியில் நின்றது. "இன்னாது?" கதவுக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்பது தெரிந்தது. "மறுபடி சொல்லு. வுழுந்துட்டியா? ஆடாத. அப்டியே கெட. நக்கோ, வாணாம், ஒண்ணியும் தொடாத. வந்துட்டேன்."

பத்து நிமிஷத்தில் சந்து முனை வெல்டிங் கடை ஆண்டனி கடப்பாரையோடு வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தான். முதலில் உள்ளே வந்தது ஆரோக்கியமேரி. நைட்டி, கலைந்த கொண்டை, ஒரு காதில் பஞ்சு. இன்னொரு காதுப் பஞ்சு வழியில் எங்கோ விழுந்திருந்தது. ஷோபாவின் பாதத்தை ஒரு பார்வை பார்த்தாள். தூக்கப் போன ஆண்டனியை ஓர் அதட்டல் போட்டாள். "கையை வெக்காத! காலு வெளிய திரும்பிக்கினு கீது பாரு, இடுப்பு எலும்பு. ஆம்புலன்ஸுக்கு போன் போடு. ஸ்ட்ரெச்சர் வர்ற வரிக்கும் யாரும் அசைக்கக் கூடாது."

ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வைத்தாள். துணியை நனைத்து உதட்டில் ஒற்றினாள். "எப்ப வுழுந்த?"

"பதினொண்ணுக்குங்க."

ஆரோக்கியமேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். மேட்டைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். என்ன நடந்தது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. "நான் தூங்கணும்னு போட்டியா இத?" என்றாள். ஆரோக்கியமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆம்புலன்ஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று ஆண்டனியைத் திட்ட ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, டியூட்டிக்குப் போகுமுன் போனை ஷோபா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அப்போது மணி ஐந்து. செயலியிலிருந்து ஒரு வாழ்த்து வந்திருந்தது: 'அபாரம்! இன்று ஆறு மணி நேரம் போன் இல்லாமல் உங்களோடு நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.' கீழே தங்கப் பதக்கம் படம். சாட்டில் ஸ்ரீகாந்த் எழுதியிருந்தான்: 'கிரேட் வீக், ஷோபா! ஒரு நிமிஷம்கூட மஞ்சள் இல்லை.' பக்கத்தில் கைதட்டும் படம். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் பார்த்ததைத்தான் அவன் எழுதினான்.

இடுப்பில் கம்பி வைத்தார்கள். வாசு வந்து பத்து நாள் இருந்தான். ஊருக்கே வந்துவிடு அக்கா என்று பத்து தடவையும், லீவு முடிகிறது என்று பதினோரு தடவையும் சொன்னான். போய்விட்டான். ஆறாவது வாரம் ஷோபா கட்டிலில் சாய்ந்தபடி வேலையைத் தொடங்கினாள். காலையில் ஒரு பெண் வந்து குளிக்க வைத்து, சமைத்து வைத்துப் போய்விடுவாள். ஆரோக்கியமேரி இரண்டு தடவை வந்து பார்த்தாள். வாசலிலேயே நின்றாள். காலு எப்டி கீது, மாத்திரை சாப்ட்டியா என்றாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. அன்றைக்குத் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும் என்று ஷோபா நினைத்து வைத்ததெல்லாம், ஆரோக்கியமேரி கொட்டாவி விட்டதும் அப்படியே நின்றுவிட்டது. தூங்க வேண்டியவளை நிறுத்திவைத்துப் பேசுவதா?

முன்னறை நாற்காலி ஆள் இல்லாமல் கிடந்தது. மேட்டை ஆண்டனி அன்றே சுருட்டி ஓரமாகப் போட்டிருந்தான். கடிகாரத்தை ஷோபா கையில் கட்டிக்கொண்டாள். இனி புள்ளி என்ன நிறமாகிறதோ ஆகட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒன்றரை மணி. சாப்பிட்டுச் சாய்ந்தவள், மவுஸைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது நிமிஷம் புள்ளி மஞ்சளானது. பத்து நிமிஷம் பார்த்தாள், இருபது பார்த்தாள். செய்தி ஏதும் வரவில்லை. டீம் பெருத்து, ஸ்ரீகாந்துக்கு இப்போது ஐம்பது அறுபது புள்ளிகள். பாவம், எதையென்று பார்ப்பான். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் விழவில்லை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறுமனே யாராவது கேட்கிறார்களா என்றுதான் படுத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. ஸ்பாஞ்சு ஒட்டிய வீட்டில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

டொக் டொக்.

ஷோபா திடுக்கிட்டாள். நான் எதையும் உருட்டவில்லையே? எதையாவது கீழே போட்டேனா? சுற்றிப் பார்த்தாள். டம்ளர் இருக்கிறது, வாக்கர் இருக்கிறது. வேறு வீட்டுச் சத்தத்துக்கு என்மேல் கோபப்படுகிறாளோ என்று நினைத்தாள்.

டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக் டொக்.

அது பழைய இடி இல்லை. பழைய இடியில் எரிச்சல் இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். இது தட்டிவிட்டுக் காத்திருக்கிறது. மணியைப் பார்த்தாள்: இரண்டே முக்கால். ஆரோக்கியமேரி ஆழ்ந்து தூங்க வேண்டிய நேரம். மற்ற நாளில் வாக்கர் தரையைத் தட்டும் சத்தமாவது கீழே போயிருக்கும், இன்று அதுவும் போகவில்லை. சத்தம் இருந்தால் தூக்கம் வரவில்லை என்று கும்பிட்டவள், இப்போது சத்தம் இல்லாததால் விழித்துக்கொண்டு கிடக்கிறாள்.

ஷோபா வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்தாள். முன்னறைக்குப் பதினோரு அடி. போகப் போகக் கீழே தட்டு அவசரப்பட்டது. டொக் டொக் டொக். "வந்துட்டேனுங்க்கா, வந்துட்டேனுங்க" என்று அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டே போனாள். கண்ணில் நீர் நின்று வழி மங்கலாகத் தெரிந்தது. நாற்காலி முதுகைப் பிடித்தாள். இருந்த பலத்தில் ஒரு தள்ளு தள்ளினாள்.

கடகடகட.

கீழே தட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து 'டொக்' என்று ஒரே ஒரு தட்டு. அப்புறம் கம்பைச் சுவரோரம் சாய்த்து வைக்கும் சத்தம். ஆரோக்கியமேரி தூங்கப் போய்விட்டாள்.